அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

என் கடையில் இருந்த பழைய கம்ப்யூட்டரை நான் அணைப்பதே இல்லை. வீட்டில் சாமி விளக்கு காற்றில் அணைந்துபோனால் அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். இதை அப்படி விட்டதில்லை. சுவிட்ச்சின் மேல் பிளாஸ்டர் ஒட்டி, அதன்மேல் பேனாவால் 'தொடாதே' என்று எழுதி வைத்திருந்தேன். கடையில் நான் ஒருவன்தான். அப்புறம் யாருக்காக எழுதினாய் என்று கேட்டால், எனக்காகத்தான்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, திருவண்ணாமலை ரோட்டில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டிய கடை என்னுடையது. பிறந்த தேதியும் நேரமும் சொன்னால் போதும். ராசிக் கட்டம், நட்சத்திரம், தசை இருப்பு, தோஷம் உண்டா இல்லையா, எல்லாவற்றையும் பிரிண்டரில் கரகரவென்று இழுத்துக் கொடுத்துவிடுவேன். பலன் மட்டும் சொல்ல மாட்டேன். யாராவது கட்டத்தை என் பக்கம் திருப்பி, "எப்ப நல்ல காலம் பொறக்கும்?" என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். "நான் ஜோசியக்காரன் இல்லை, பட்டன் தட்டுறவன். மிஷின் சொல்றதக் குடுக்கறேன், அவ்ளோதான்" என்பேன். உள்ளதைச் சொன்னால் எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கையே கிடையாது. என் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கவில்லை. கேட்டவர்களிடம் இதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

அந்தக் கம்ப்யூட்டர் வந்த காலத்தில் ஊரில் அதை வேடிக்கை பார்க்க ஆள் வரும். அதில் ஓடிய ஜாதக புரோகிராம் பம்பாய்க் கம்பெனி ஒன்று போட்டது. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது. கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. அந்த புரோகிராமை வேறு மிஷினில் ஏற்றவும் முடியாது. நான் தட்டிய ஜாதகங்கள் எல்லாம் அந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான் கிடந்தன. நகல் எடுத்து வைத்திருக்கலாமே என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். இப்போது நானும்தான் கேட்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு புயல் மழையில் கரண்ட் போய், பேட்டரியும் கைவிட்டு, மிஷின் தானாக அணைந்தது. கரண்ட் வந்ததும் போட்டால் எழுந்திருக்க மாட்டேன் என்றது. திண்டிவனத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் பெட்டியைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து லேசாக ஒரு திருப்பு திருப்பி மாட்டினார். ஓடியது.

"வருஷக்கணக்கா சுத்திக்கினே இருந்த டிஸ்க்கு, சார். ஓடுற வரைக்கும் ஓடும். நிறுத்தி, சூடு ஆறி, மறுபடி கெளப்புறப்பதான் வினையே. மோட்டாருக்குத் தம் பத்தாது, இல்லாட்டி உள்ள இருக்கிற முள்ளு ஒட்டிக்கும். இனிமே அணைக்காத. மொதல்ல உள்ள இருக்கறத வேற எடத்துல எடுத்து வெச்சுக்க" என்றார்.

அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். புதிதாக இரண்டு பேட்டரி வாங்கிப் போட்டேன். டிஸ்டில்டு வாட்டர் குறைகிறதா என்று மூன்று வேளையும் பார்த்தேன். தூசி தட்டுவதுகூட ஓடிக்கொண்டிருக்கும்போதே, பெயிண்ட் பிரஷ்ஷால். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வெளியூர் போனாலும் ஷட்டருக்குள் அது ஓடிக்கொண்டிருக்கும், என் மனசும் அங்கேயே இருக்கும். என் மனைவி, "உங்க சின்ன வீட்டுக்கு ஒடம்பு எப்படி இருக்குது?" என்று கேட்பாள். வெயில் காலத்தில் மலைப் பாறை சூடெல்லாம் ஊருக்குள் இறங்கும்போது வீட்டு டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டுபோய் அதற்கு வைத்தவன் நான். பிள்ளைகள் விசிறிக்கொண்டு படுத்தார்கள்.

ஜாதகக் கடைக்குக் கிரகணம் ஒரு தொல்லை. அந்த நேரத்தில் ஜாதகம் எழுதக் கூடாது, பார்க்கக் கூடாது. நான் மானிட்டரை மட்டும் அணைத்து, பெட்டியைத் துண்டு போட்டு மூடி, ஊருக்காக அதன்மேல் கொஞ்சம் தர்ப்பைப் புல்லும் வைத்துவிட்டு ஷட்டரை இறக்கிவிடுவேன். உள்ளே அது பாட்டுக்கு ஓடும். ஒரு கிரகணத்தன்று பக்கத்துப் பழக்கடைக்காரர் ஷட்டர் இடுக்கில் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டார்.

"கிரகணத்துல பொட்டி ஓடுது பாரு. இதுல எடுத்த ஜாதகம் வெளங்குமா?" என்று அவர் சொன்னது கடைவீதி முழுக்கப் பரவியது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசைக்குப் போகிற கூட்டத்தில் வருஷா வருஷம் என்னிடம் வருகிறவர்கள்கூட நின்று, "நெஜமாவா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அதனால் அடுத்த சூரிய கிரகணத்துக்கு நான் வீம்பாக ஒரு காரியம் செய்தேன். பழக்கடைக்காரரையும் டீக்கடைக்காரரையும் கடைக்குள் கூப்பிட்டு நிறுத்தி, அவர்கள் கண் முன்னால் பிளாஸ்டரை உரித்து, மிஷினை அணைத்தேன். நம்பாத ஒன்றுக்காக, நம்புகிறவர்கள் மெச்ச வேண்டும் என்று. ஊய் என்று ஒரு சத்தம் மெல்ல இறங்கி நின்றது. அதன் பிறகு கடையில் இருந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே கண்டக்டர் "சேத்துப்பட்டு, போளூர்" என்று கத்துவது பக்கத்தில் நின்று கத்துவதுபோலக் கேட்டது.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து, கற்பூரம் காட்டி, சுவிட்ச்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரையில் ஒற்றை வரி இங்கிலீஷ் வந்து நின்றது. பெட்டிக்குள் டக், டக் என்று ஒரு சத்தம், யாரோ விரல் மடக்கிக் கதவைத் தட்டுவதுபோல. மெக்கானிக் வந்து காதை வைத்துக் கேட்டார். கையில் வைத்துத் திருப்பியும் பார்த்தார். "முடிஞ்சுது. சொன்னேனே" என்றார். டீக்கடைக்காரர், "எல்லாருக்கும் கண்டம் சொல்ற பொட்டி, தன் கண்டத்தச் சொல்லாம பூட்சே" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த வெட்கம் அவ்வளவுதான். நாலு பேர் சிரித்தால் தீர்ந்துபோகிற வெட்கம்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, புது புரோகிராம் போட்டு, பழைய வாடிக்கையாளர்கள் வர வர மறுபடி விவரம் கேட்டுத் தட்ட ஆரம்பித்தேன். அப்படி வந்தவர்களில் அந்த அப்பாவும் மகளும் உண்டு.

மேல்சித்தாமூர் பக்கம் ஒரு கிராமம் அவர்களுக்கு. அவர் கொஞ்சம் நிலத்தில் மணிலா என்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிறவர். தாயில்லாத பெண். எம்.எஸ்சி. படித்து, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். புயலடித்த அடுத்த வருஷம், அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வரன் பார்க்கலாம் என்று அவர் முதன்முதலாக என்னிடம் வந்து ஜாதகம் எடுத்தார். தனுசு லக்னம், ஏழில் செவ்வாய். 'செவ்வாய் தோஷம் உண்டு' என்று மிஷின் கொட்டை எழுத்தில் அடித்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வரனுக்கும் அவர் ஒரு நகல் வாங்கிப் போவார். மாப்பிள்ளை வீட்டார் கட்டத்தைப் பார்த்துவிட்டு ஜாதகத்தைத் திருப்பிக்கூடத் தர மாட்டார்கள். அவர் மறுபடி வருவார். "இன்னொரு காப்பி குடு தம்பி" என்று கவுண்டருக்கு வெளியே நிற்பார். ஒரு பட்டன்தான் எனக்கு வேலை. இப்படியே அவள் முப்பதைத் தாண்டினாள். தோஷமுள்ள பெண்ணுக்குத் தோஷமுள்ள பையன்தான் வேண்டும், இல்லாவிட்டால் கட்டுகிறவன் உயிருக்கு ஆகாது என்பது ஊர் நம்பிக்கை. தோஷமுள்ள பையன்கள் வந்தார்கள். ஒருவனுக்குக் குடி, இன்னொருவனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம்.

நடுவில் ஒரு தடவை, அவர் தெரிந்த ஜோசியரிடம் காட்டியதாகவும், பஞ்சாங்கத்தைப் பார்த்து லக்னத்தில் அந்த ஜோசியர் ஏதோ சந்தேகம் சொன்னதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "விரல் விட்டு எண்றவங்க தப்பு பண்ணுவாங்க ஐயா. கம்ப்யூட்டர் பண்ணாது" என்றேன். அவர் உடனே, "அதான் தம்பி, நானும் அப்படித்தான் சொன்னேன்" என்று சமாதானமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

கம்ப்யூட்டர் போய்விட்ட செய்தி தெரியாமல்தான் அன்று வந்தார்கள். சனிக்கிழமை, அவளுக்கு லீவு. பரவாயில்லை, ரெண்டே நிமிஷம் என்று சொல்லி, தேதியும் நேரமும் கேட்டு, இடத்துக்குச் செஞ்சி என்று போட்டு எடுத்துக் கொடுத்தேன். அவர் கட்டத்தைப் பார்த்தார். அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மனப்பாடம்.

"இன்னா தம்பி, 'ல' மேல ஏறிக்கிது?"

செவ்வாய் அதே வலது மேல் மூலையில், மிதுனத்தில்தான் இருந்தது. லக்னத்தைக் குறிக்கிற 'ல' மட்டும் இடது கீழ் மூலையிலிருந்து ஒரு கட்டம் மேலே போய் மகரத்தில் உட்கார்ந்திருந்தது. அப்படியானால் செவ்வாய் ஏழில் இல்லை, ஆறில். கீழே 'செவ்வாய் தோஷம் இல்லை' என்று அடித்திருந்தது.

அவர் மஞ்சள் பையிலிருந்து பழைய நகல் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மகள் இரண்டையும் குனிந்து பார்த்தாள். தாளின் அடியில் இடத்தின் தீர்க்கரேகைக் கணக்கு பொடி எண்களில் இருக்கும். நான் அதை ஒருநாளும் படித்ததில்லை.

"இதுல எழுபத்திரெண்டுன்னு இருக்குது, அதுல எழுபத்தொம்போது. ஏண்ணா வேற வேறயா இருக்குது?" என்று கேட்டாள்.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் பொய் வந்தது. "புது சாஃப்ட்வேர்மா. இன்னும் சரியா செட் ஆவல. இதக் கணக்குல எடுத்துக்காதீங்க, பார்த்துச் சொல்றேன்" என்று புதுத் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். அவர் சரி என்று எழுந்தார். அவள் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

பழைய புரோகிராம் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் முதல் கேள்வியாக 'இடம்?' என்று கேட்கும். நாம் தட்டாமல் விட்டால் அந்தக் கம்பெனி ஊரான பம்பாயை எடுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் அணைக்கும் வரை கேட்காது. புயலுக்குப் பின் மெக்கானிக் உயிர் கொடுத்த அன்று அமாவாசை. மலையனூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலில் கூட்டம் நெரித்தது. நான் கேள்விகளைப் பார்க்காமல் என்டர், என்டர், என்டர் என்று தட்டித் தாண்டினேன். அன்றிலிருந்து கிரகணம் வரை செஞ்சி தாலுகாவில் பிறந்தவர்களை எல்லாம் பம்பாயில் பிறக்க வைத்திருந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த மிஷினைத் தைரியமாக அணைத்துப் போட்டிருந்தால் அது மறுபடி கேட்டிருக்கும். அது செத்துப்போய்விடும் என்று பயந்து பயந்து, தப்பை ஃபேன் வைத்துக் காப்பாற்றியிருக்கிறேன்.

அவர்கள் போனதும் புதுக் கம்ப்யூட்டரில் அதே தேதியும் நேரமும் போட்டு, இடம் பம்பாய் என்று தட்டிப் பார்த்தேன். 'ல' சமர்த்தாகக் கீழே இறங்கி மூலையில் உட்கார்ந்தது.

பம்பாய்க்கும் நமக்கும் வானக் கணக்கில் அரை மணிக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம். முக்கால்வாசிப் பேருக்கு அதனால் கட்டம் மாறாது. ஓர் ஓரத்தில் பிறந்தவர்களுக்குத்தான் மாறும். அவள் அந்த ஓரத்தில் பிறந்தவள். இன்னும் எத்தனை பேர் என்று சொல்ல எனக்கு வழியில்லை, டிஸ்க்கோடு எல்லாம் போய்விட்டது. 'பழைய ஜாதகங்களைக் கொண்டுவந்தால் சரிபார்த்துத் தரப்படும்' என்று ஒரு அட்டை எழுதி வாசலில் தொங்கவிட்டேன். ஏன் என்று அதில் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை.

முதலில் என்னை நானே ஏமாற்றிப் பார்த்தேன். ஜாதகமே பொய் என்கிறவன் நீ, பொய்யில் என்ன சரி, என்ன தப்பு, எதற்கு இவ்வளவு குழப்பம் என்று. அந்தச் சமாதானம் நிற்கவில்லை. தனக்கு நம்பிக்கை இல்லாத சரக்கை விற்றவன், அதையும் எடை பார்க்காமல் விற்றிருக்கிறான். நம்பிக்கையுள்ள ஆள் என்றால் கடைசி எண் வரை சரிபார்த்திருப்பான். எனக்கு நம்பிக்கை இல்லாததுதான் பெருமை, அந்தப் பெருமையில்தான் என்டர் தட்டினேன். அவமானமாக இருந்தது. மனைவியிடம் சொன்னபோது அவள் வழக்கம்போலக் கிண்டல் பண்ணுவாள், கொஞ்சம் லேசாகும் என்று எதிர்பார்த்தேன். அவள் கிண்டல் பண்ணவில்லை. "அந்தப் பொண்ணுக்கு இன்னா பதில் சொல்லப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சரியான ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வண்டியில் அவர்கள் ஊருக்குப் போனேன். வழியெல்லாம் வாக்கியம் சேர்த்துக்கொண்டே போனேன். அவர் வாசலில் மணிலாக்கொட்டை காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி, கையைத் துண்டில் துடைத்து, நாற்காலி எடுத்துப் போட்டார். மகள் கதவோரம் வந்து நின்றாள். நான் உட்காரவில்லை.

"ஐயா, தப்பு என்னுது. கம்ப்யூட்டர்ல ஊரு மாத்திப் போட்டு வெச்சிருந்தேன். இத்தன வருஷமா உங்களுக்குக் குடுத்தது எல்லாம் தப்பான ஜாதகம். பொண்ணுக்கு தோஷம் இல்ல."

இதற்கு அவர் என்னைத் திட்டுவார், அடித்தாலும் அடிப்பார், அடிக்கட்டும் என்றுதான் போயிருந்தேன். அவர் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான்.

"இல்லியா? தோஷம் இல்லியா?"

"இல்ல ஐயா. ஆனா தப்பு..."

"அங்காளம்மா!" என்று தலைக்கு மேல் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் இழுக்கப் பார்த்தும் விடவில்லை. அவர் கண்ணீர் என் விரலில் பட்டது. "தப்பு என்னுது" என்று மறுபடி சொன்னேன். "அட வுடு தம்பி, மனுஷனா பொறந்தா ஆவறதுதான். இரு, எந்தம்பி வூடு பின்னாலதான், அவங்கிட்டச் சொல்லி இட்டாறேன். காபி குடிக்காம போவக் கூடாது" என்று செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

அவளும் நானும் நின்றோம். நான் ஜாதகத்தை நீட்டினேன். அவள் வாங்கி, கட்டத்தைப் பார்க்காமல் அடியில் இருக்கும் எண்ணைப் பார்த்தாள்.

"பாம்பேதானேண்ணா?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன்.

"அந்த எழுபத்திரெண்ட போன் மேப்புல போட்டுப் பாத்தேன். கடலோரமா பாம்பேன்னு காட்டுச்சு. நைனாகிட்ட சொல்லல. நீங்களே வருவீங்களான்னு பாத்தேன்."

"மன்னிச்சுக்கம்மா" என்றேன். அந்த வார்த்தை எனக்கே சின்னதாகக் கேட்டது.

அவள் தாளை நாலாக மடித்தாள். பிறகு, மணிலா பரப்பியிருந்த சாக்கைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"எங்க ஸ்கூல்ல ஒருத்தர் இருந்தாரு. ஜாதகமெல்லாம் வேணாம், நான் வந்து உங்க நைனாகிட்ட பேசறேன்னாரு. ரொம்ப நாளு கேட்டாரு. நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏம்மா?"

கேட்டிருக்கவே கூடாது.

"ஏழுல செவ்வா ஆச்சே. என்னக் கட்டினா அவருக்கு எதுனா ஆயிடும்னு பயந்தேன். கணக்கு டீச்சருதான், சிரிப்பாத்தான் இருக்குது. ஆனா நெஜமாவே பயந்தேண்ணா. அவரு மேல உசுரு. அதனாலதான் பயம். அப்புறம் அவரு வேற ஸ்கூலுக்கு மாறிப் போயி, கல்யாணம் ஆயி, ரெண்டு கொழந்தைங்க."

வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. யாரிடமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்துகொண்டிருந்தார். அவள் முகத்தைத் துப்பட்டாவால் ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் நைனாவுக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க. எம்மாம் நாளு கழிச்சு இன்னிக்கித்தான் சிரிக்கிறாரு."

அவர் தம்பியோடு வந்துவிட்டார். தம்பி வீட்டிலேயே போட்ட காபி கையில் இருந்தது. "இவருதான்டா. இவரு கண்டுபுடிச்சிச் சொல்லலன்னா எம்பொண்ணுக்கு தோஷம்னே கெடந்திருப்போம்" என்று என்னைக் காட்டினார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

அவர் டம்ளரை என் கையில் திணித்தார். மகளின் தலையைத் தடவி, "இனிமே எம்பொண்ணுக்கு இன்னா கொறை?" என்று சிரித்தார். அவளும் அவரோடு சேர்ந்து சிரித்தாள். நான் நின்றபடியே அந்தக் காபியைக் குடித்தேன்.